சேராத ரத்தம்

எங்கள் கிளினிக்கில் ஒருவருடைய ரத்தத்தை எடுத்து அவருக்கே விற்கிறோம். என் பிழைப்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்போம். அதைக் குழாயில் ஊற்றி ஒரு மெஷினுக்குள் வைத்துச் சுற்றவிட்டால், சிவப்பு அடியில் தங்கி மேலே மஞ்சளாகத் தண்ணீர் நிற்கும். காயத்தை ஆற்றுகிற சத்தெல்லாம் அந்த மஞ்சள் தண்ணீரில்தான் இருக்கிறது என்பது கணக்கு. முடி கொட்டுகிறவர்களுக்கு அதைத் தலையில் குத்துவார்கள். முகத்தில் பருத் தழும்பு இருந்தால் முகத்தில் குத்துவார்கள். முட்டி தேய்ந்தவர்களுக்கு முட்டிக்குள்ளேயே குத்துவார்கள். இடம் அம்பத்தூர் ஓ.டி., ஒரு ஸ்வீட் கடைக்கு மேலே முதல் மாடி. முட்டி வலிக்காரர்களும் படியேறித்தான் வர வேண்டும். அப்படி வருகிறவர்களை உட்கார வைத்து, தைரியம் சொல்லி, கடைசியில் சரி என்று தலையாட்ட வைப்பது என் வேலை. அதற்குக் கவுன்சிலர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வாசலில் இருக்கிற போர்டில் உள்ள தமிழும் நான் எழுதிக் கொடுத்ததுதான். டாக்டர்கள் சொல்கிற இங்கிலீஷ் வார்த்தை யார் வாயிலும் நுழையவில்லை. ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு வரி கொடு என்று முதலாளி கேட்டார். ‘உங்கள் சொந்த ரத்தமே உங்களுக்கு மருந்து’ என்று கொடுத்தேன். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய் பெரிய எழுத்தில் போட்டுவிட்டார். அந்தச் ‘சொந்த’ என்கிற வார்த்தை என் வீட்டுக்கே வந்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் என்று யார் கண்டது?

என் பெயர் ஷாரன். அம்மா ஞானகுமாரியும் நானும் ஆவடியைத் தாண்டி வெள்ளானூரில் இருக்கிறோம். அப்பா டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அங்கே ஒரு வீடு கட்டினார். கட்டி முடித்து அதிக நாள் அதில் இருக்கக் கொடுத்து வைக்கவில்லை அவருக்கு. அண்ணன் ஆன்டோ கல்யாணமான கையோடு பெண்டாட்டி ஸ்வீட்லினைக் கூட்டிக்கொண்டு ஐயப்பன்தாங்கலில் ஒரு ஃப்ளாட்டுக்குப் போய்விட்டான். அங்கே கார் ஷோரூமில் வேலை. ஐயப்பன்தாங்கலிலிருந்து வெள்ளானூருக்கு வருவதென்றால் அவனுக்கு விசா எடுக்க வேண்டும் போலிருக்கிறது. கிறிஸ்மஸுக்கு வருவான். ஈஸ்டருக்கு வருகிறேன் என்று சொல்வான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அம்மா என்னைப் பெறவில்லை. ஆன்டோவுக்குப் பிறகு அவளுக்குக் கரு தங்கவில்லை. பூந்தமல்லிப் பக்கம் சிஸ்டர்கள் நடத்திய ஒரு இல்லத்திலிருந்து என்னைக் கைக்குழந்தையாக எடுத்து வந்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்கு இது தெரியும். குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும். ஆனால் அம்மா எதிரில் யாரும் அந்தப் பேச்சை எடுத்துவிட முடியாது.

ஒருமுறை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே மாப்பிள்ளையின் அத்தைக்காரி, “பொண்ணு யாரு பெத்ததுன்னு எதுனா தெரியுமா?” என்று மெதுவாகக் கேட்டாள். அம்மா அவள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினாள்.

“யாரு பெத்ததா? நான் பெத்தேன். எந்த ஆஸ்பத்திரி, எத்தினி மணின்னு சொல்லணுமா? எந்திரிங்க. ஊட்டுக்கு வந்து ஊட்டுக்காரி வயித்தையே தடவி பாக்கறீங்களா?”

கடிபட்ட பஜ்ஜியோடு அவர்கள் இறங்கிப் போனார்கள். அதற்குப் பிறகும் சில இடம் வந்தது, சில கேள்வி வந்தது, எல்லாரையும் அதே மாதிரி துரத்தினாள். கடைசியில் கேட்டு வருகிறவர்களும் நின்றுபோனார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. எனக்கு அம்மா இருந்தாள். அது போதும் என்று நான் மனசாரத்தான் நினைத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு வலது முட்டி போய்விட்டது. வலியைக்கூட அவள் பெரிதாகச் சொல்ல மாட்டாள். கோயிலில் முழங்கால் போட முடியவில்லை என்பதுதான் அவளுடைய பெரிய குறை. பூசையில் சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டுகிற எழுந்தேற்றம் வரும்போது எல்லாரும் முழங்கால் போட, இவள் மட்டும் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் கிழவிகளோடு கிழவியாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தை என்மேல் காட்டுவாள். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் கிளினிக்குக்கு வருகிற எலும்பு டாக்டர் பார்த்தசாரதியிடம் எக்ஸ்ரேயைக் காட்டினேன். “ஆபரேஷன் அளவுக்குப் போகலைம்மா. ஊசி போட்டுப் பாக்கலாம். சிலருக்கு நல்லாக் கேக்குது, சிலருக்குக் கேக்கறதில்லை. உங்கம்மாவைக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். கிளினிக்கில் பேசிப் பேசிப் பழகிய வாய், வீட்டிலும் அப்படியே பேசியது.

“பயப்படாதம்மா. வெளி மருந்து எதுவும் கெடையாது. சொந்த ரத்தத்த எடுத்து முட்டிக்குள்ள போடுவாங்க. அவ்ளோதான்.”

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

“சொந்த ரத்தம்தான் வேணுமா? வேற ஆவாதா?”

“ஆவாது. வேற ரத்தம் போட்டா ஒடம்பு ஏத்துக்காது.”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு ரசத்தை ஊற்றினாள். ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு முகமது இஸ்மாயில் பாய்க்குக் கிட்னி கெட்டபோது அவர் தம்பிதான் கிட்னி கொடுத்தார். ‘சொந்த ரத்தமா இருந்தாத்தான் சேரும்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க’ என்று பாயின் மனைவி எங்கள் வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அம்மாவுக்குச் சொந்த ரத்தம் என்றால் அதுதான். உறவு ரத்தம். பெற்ற ரத்தம், கூடப் பிறந்த ரத்தம். தன் கையில் ஓடுகிற ரத்தத்தை எடுத்துத் தன் முட்டிக்கே போடுவார்கள் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. யாருக்குத்தான் எட்டும்?

மறுநாள் மத்தியானம் கிளினிக்கில் இருந்தபோது ஆன்டோ போன் செய்தான். அவன் போன் செய்வதே அதிசயம்.

“ஷாரனு, இன்னா மேட்டரு? அம்மா காத்தாலேர்ந்து விடாம போன் பண்ணிகினு கீது. முட்டிக்கு என் ரத்தம் வேணுமாமே? இன்னா ட்ரீட்மெண்ட்டு இது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தேன். ஐயோ லூசு, உன் ரத்தம் எதற்கு, அம்மா ரத்தத்தையே அம்மாவுக்குப் போடுவார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் பேசிவிட்டான்.

“நான் சொன்னேன், அதான் ஷாரன் கூடவே கீறாளே, அவகிட்ட எடுத்துக்கோயேன்னு. அதுக்கு அம்மா, ‘அவுளுது சேராது நைனா, அவ நான் பெத்ததா? நீதான் வரணும்’ங்குது. எனக்கு ஊசின்னாலே ஆவாது, உனக்குதான் தெரியுமே. ஸ்வீட்லின் வேற திட்றா. வேற எதுனா வழி கீதான்னு கேளேன்.”

அவன் “ஹலோ, கீறியா?” என்றான். “கீறேன்” என்றேன்.

அவ நான் பெத்ததா. இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் அம்மா அவர்கள் குடுமியைப் பிடித்திருப்பாள். நானும் எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகக் கேட்ட வார்த்தைதான். ஒரு தடவைகூட எனக்குச் சுருக்கென்றது கிடையாது, ஏனென்றால் சொன்னவர்கள் எல்லாம் அயலார். அன்றைக்குத்தான் வலித்தது. நன்றாகவே வலித்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. “நீயும் அம்மாவும் பேசிக்கோங்க” என்று போனை வைத்துவிட்டேன். வீம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஷாரன், உன்னுது சேருமான்னு உங்க டாக்டரைக் கேட்டுப் பாரேன்’ என்று அம்மா வாயிலிருந்து ஒரே ஒரு தடவை வரட்டும், அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். கூட இருக்கிறவள் நான். ராத்திரி அவள் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறவள் நான். கேட்பதற்கு என்ன வந்தது?

அவள் கேட்கவில்லை. அவனைத்தான் தாங்கினாள். வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, காது கேட்காதவனிடம் பேசுகிற மாதிரி போனில் கத்துவாள்.

“சாத்துக்குடி வாங்கி ஜூஸ் போட்டு குடி நைனா. பேரீச்சம்பயம் சாப்டு. கொஞ்சூண்டுதான் எடுப்பாங்களாம், வலிக்காதாம்.”

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பாத்திரம் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போடும்.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஷோரூமில் மீட்டிங் என்றான். அடுத்த வாரம் ஜுரம் என்றான். அதற்கடுத்த வாரம் ஸ்வீட்லினின் அப்பாவுக்கு முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அம்மா என்னிடம்தான் வருவாள். “பாவம், அவனுக்கு வேலையாம். டாக்டர்கிட்ட தேதிய மாத்த சொல்லிடு.” டாக்டர் பார்த்தசாரதி, “உங்கம்மா வருவாங்களா, மாட்டாங்களா?” என்று சலித்துக்கொண்டார். நான் ஏதோ பூசி மெழுகினேன். அந்த நாட்களில் அம்மா கக்கூஸுக்குப் போகக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

நானாகவே தூண்டில் போட்டும் பார்த்தேன்.

“அண்ணன் வரலன்னா இன்னாம்மா பண்ணுவ?”

“வருவான்.”

“சப்போஸ் வரல?”

“அதான் வருவான்னு சொல்றனே.”

இன்னொரு நாள் நைட்டிக் கையை மேலே சுருட்டிவிட்டு அவள் முன்னால் நீட்டினேன். “என் நரம்ப பாரும்மா, எப்டி பொடச்சிகினு நிக்குது. எங்க நர்ஸ் நிஷா சொல்லுவா, உங்க கையில கண்ண மூடிகினு குத்தலாம்க்கான்னு.”

அம்மா பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு, “உனக்கே ரத்தம் கம்மி. மூஞ்சி வெளுத்து கெடக்குது. முருங்கக்கீரை ஆய்ஞ்சி வெச்சிகீறேன், பொரியல் பண்ணி தரேன், சாப்டு” என்றாள்.

ஒரு ஆளை வேண்டாம் என்று சொல்ல இதைவிட இதமான வழி இருக்குமா என்ன? கீரையைச் சாப்பிட்டேன்.

கடைசியில் ஆன்டோவை வரவழைத்தது அம்மாவின் கெஞ்சல் இல்லை. அவனுடைய தலை. மறுபடி எனக்குப் போன் செய்தான்.

“ஷாரனு, உங்க கிளினிக்ல முடி வளர்றதுக்கும் இதே ரத்தம்தான் போடறாங்களாமே?”

“ஆமா.”

“எடுக்கறது எடுக்கறாங்க, மிச்சத்த என் தலைக்கு போட்டுட சொல்லேன். முன்னாடி ஏறிகினே போவுது. ஷோரூம்ல கஸ்டமரு என் மூஞ்ச பாக்காம மண்டையத்தான் பாக்கறான்.”

எனக்கு வந்த கோபத்துக்குப் போனைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். போன் என்னுடையது என்பதால் விட்டேன். “போடலாம், வா” என்றேன். வீட்டுக்குப் போனால் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“வரேன்ட்டான்டி. பெத்தவளுக்கு ஒண்ணுன்னா ஓடியாந்துடுவான்னு எனக்கு தெரியும். நீதான் வரலன்னா வரலன்னான்னு கேட்டுகினு கெடந்த.”

அந்த வெள்ளிக்கிழமை அம்மா கிறிஸ்மஸ் புடவையைக் கட்டிக்கொண்டாள். ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவள் மாதிரி இல்லை, சம்பந்தம் பேசப் போகிறவள் மாதிரி இருந்தாள். ஆட்டோவிலிருந்து இறக்கி, ஸ்வீட் கடை ஓரமாக நடத்தி, ஒவ்வொரு படியாக மேலே ஏற்றினேன். அவள் பாரம் முழுக்க என் தோளில் இருந்தது. அவள் கண் முழுக்கத் தெருவில் இருந்தது, அவன் கார் வருகிறதா என்று.

வந்தான். புதுச் சட்டை, கண்ணாடி. அம்மா அவன் கன்னத்தைத் தடவினாள். “எளைச்சிட்டியே நைனா” என்றாள். அவன் இளைக்கவில்லை. சட்டைப் பொத்தான் வயிற்றில் நிற்க மாட்டேன் என்று முறைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் கிளினிக்கில் தலைக்கு ஒரு ரூம், முட்டிக்கு ஒரு ரூம். தலை ரூமில் தோல் டாக்டரம்மா இருப்பார். நிஷா அவனை அங்கே உட்கார வைத்துக் கையில் ரப்பரைக் கட்டினாள். “எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கோம்மா, எங்கம்மாக்குதானே” என்று பெரிய வள்ளல் மாதிரி சொல்லிவிட்டு, ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். குழாயில் ரத்தம் ஏற ஏற அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. அம்மா என்னைப் பெறவில்லை என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு அம்மாவை முட்டி ரூமில் படுக்க வைத்தோம். நிஷா உள்ளே வந்து அம்மாவின் கையை எடுத்து ரப்பரைக் கட்டினாள்.

“இன்னாம்மா பண்ற? எம்பையன்கிட்டதான் எடுத்துட்டியே” என்றாள் அம்மா.

“அது அவரு தலைக்கு, ஆன்ட்டி. உங்க முட்டிக்கு உங்க ரத்தம்தான்.”

“சொந்த ரத்தம் போடணும்னாங்களே?”

“ஆமா, உங்க சொந்த ரத்தம். ஒருத்தருது எடுத்து இன்னொருத்தருக்குப் போட மாட்டாங்க. ஷாரன் அக்கா சொல்லலியா?”

நிஷா ரத்தத்தை எடுத்துக்கொண்டு, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மெஷினில் வைக்கப் போனாள். கதவு மூடியதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“உனக்கு தெரியுமா?”

“நான்தானே இங்க வேலை பாக்கறேன்.”

“அப்ப ஏன் சொல்லல?”

இத்தனை வாரமாக மென்று முழுங்கியதெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. “நீ என்கிட்ட கேப்பியான்னு பாத்தேன். கேக்கல. பக்கத்துல படுத்துகினு கீறவள கேக்கல. ‘அவ நான் பெத்ததா’ன்னு அவன்கிட்ட சொல்லிகீற. எல்லாரையும் அடிச்சி அடிச்சி தொரத்துனியே, அது எதுக்கு? அந்த வார்த்தைய நீயே சொல்லணும்னா?” என் குரல் உடைந்துவிட்டது. அதில் எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

அழுவாள் என்று நினைத்தேன். இல்லை, அப்படியெல்லாம் சொல்லவே இல்லை என்று சாதிப்பாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. அம்மா இரண்டையும் செய்யவில்லை. பஞ்சை அழுத்திக்கொண்டு, அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

“உன்னுது சேரும்னு சொன்னா அவன் வருவானா? அதான் ஷாரன் கீறாளேன்னு போனை வெச்சிடுவான். எல்லாத்துக்கும் அப்டித்தானே சொல்றான். ஆஸ்பத்திரியா, ஷாரன் கீறா. கரண்டு இல்லியா, ஷாரன் கீறா. உங்கப்பா செத்த அன்னிக்கி, ஐஸ் பெட்டிக்கு ஷாரன் சொல்லிட்டாளான்னு கேட்டுகினுதான் உள்ள வந்தான். நீ ஆவாதுன்னு சொல்றதுக்கு எதுனா ஒண்ணு இருந்தாத்தானே அவன் வருவான்? இது ஒண்ணுதான் இருந்திச்சி. சொல்லிட்டேன்.”

“அப்ப என்னுது சேராதுன்னு நீ நெனைக்கல?”

“சேருமா சேராதான்னு எனக்கு இன்னாடி தெரியும்? நான் இன்னா டாக்டரா? உன்ன கேட்டா நீ ஒடனே கைய நீட்டிடுவ. அது மட்டும் எனக்கு தெரியும். அதான் கேக்கல.”

உண்மையிலேயே சேராது என்று நம்பிச் சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பேன். படிக்காதவள், பாயம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டாள் என்று மனசைத் தேற்றியிருப்பேன். இவள் நம்பவுமில்லை, நம்பாமலும் இல்லை. எனக்கு எதிராக ஊரில் யார் வாயிலும் வரவிடாமல் இத்தனை வருஷம் காத்த ஒரு சொல்லை, மகன் முகத்தை ஒரு காலை நேரம் பார்க்க வேண்டும் என்று தன் கையாலேயே எடுத்து வீசியிருக்கிறாள். அதுவும் நான் தாங்கிக்கொள்வேன் என்ற தைரியத்தில். நான் கைவிட்டுப் போக மாட்டேன் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம். அவனைப் பற்றி அந்த நிச்சயம் இல்லாததால் அவனுக்குச் சாத்துக்குடி, எனக்கு இது.

டாக்டர் பார்த்தசாரதி வந்தார். முட்டியைத் துடைத்து, மஞ்சள் தண்ணீரை உள்ளே ஏற்றினார். அம்மா சத்தம் போடவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் பதிந்து எனக்கு எரிந்தது. “ஒரு வாரத்துக்கு வலி கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். அடுத்த மாசம் இன்னொண்ணு போடணும்” என்றார் டாக்டர்.

அம்மா முகம் பளிச்சென்றது. “கண்டிப்பா போடணுமா டாக்டரு?”

“போட்டா நல்லது.”

அவர் போனதும் அம்மா என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். “அவன்கிட்ட இத சொல்லாத. அவன் ரத்தம்தான் போட்டாங்கன்னே இருக்கட்டும். அடுத்த மாசமும் வருவான்.”

“பொய் சொல்ல சொல்றியாம்மா?”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சொம்மா இரு. அது போதும்.”

வெளியே ஹாலில் ஆன்டோ சோபாவில் உட்கார்ந்திருந்தான். முன் மண்டை முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. போன் கேமராவில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவைக் கண்டதும் எழுந்து வந்தான்.

“முடிஞ்சிச்சா? எறங்கிச்சா என் ரத்தம்?”

“எறங்கிச்சி நைனா. இப்பவே பாதி வலி கொறஞ்ச மாதிரி கீது” என்றாள் அம்மா. காலைக் கீழே ஊன்ற முடியாமல், ஒரு கையால் சுவரையும் இன்னொரு கையால் என்னையும் பிடித்துக்கொண்டிருந்தாள். “டாக்டரு அடுத்த மாசமும் வர சொல்லிகீறாரு.”

“எனக்கும் இன்னொண்ணு போடணும்னாங்க. வந்துடறேன், ஒரே வேலையா போயிடும்.”

பிறகு அவன் என் முகத்தைப் பார்த்தான். என் அண்ணன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவன் நிஜமான பிரியத்தோடு என் தோளில் தட்டினான்.

“இன்னா ஷாரனு, மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற? நம்மளால அம்மாக்கு குடுக்க முடியலியேன்னு ஃபீல் பண்றியா? விடு. உன்னுது சேராது, அதுக்கு நீ இன்னா பண்ணுவ?”

ஹாலில் காத்திருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த நிஷா தலையைத் தூக்கினாள். இந்த மாதிரி ஒரு வார்த்தைக்கு அம்மா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். தட்டைப் பிடுங்கியவள், குடும்பம் குடும்பமாக ஆட்களைத் தெருவுக்கு இறக்கியவள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற பார்வைகூட இல்லை. கேஸ் தீர்ந்துபோனால் சிலிண்டரை மாத்து என்று சொல்லாமல் சொல்லிப் பார்ப்பாளே, அதே பார்வை.

நிஷாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “சார், அது வந்து…” என்று ஆரம்பித்தாள். இன்னும் ஒரு வார்த்தை அவளைப் பேச விட்டால் அம்மாவின் அடுத்த மாசம் போய்விடும்.

“ஆமாண்ணா” என்று நான் முந்திக்கொண்டேன். “என்னுது சேராது.”

நிஷா வாயை மூடிக்கொண்டு குனிந்துகொண்டாள். அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்தி ஒரு பெருமூச்சு விட்டாள். ஆன்டோ கார் சாவியை எடுத்தான், ஷோரூமுக்கு நேரமாகிவிட்டது என்றான். “பாத்து ஓட்டிகினு போ நைனா” என்றாள் அம்மா. நான் அவளுக்கு ஆட்டோ பிடிக்கக் கீழே இறங்கினேன்.